வெள்ளரிப்பழமும் வெறும் ஏக்கமும்

வன்னி வெள்ளரிப்பழத்தைப் பற்றி எழுதும்போது நம்மவர் பேனாவில் சீனி சொட்டுகிறது. பழுத்து வெடித்த பழத்தின் மணத்தைப் பாடாத புலம்பெயர் எழுத்தாளர் அரிது. அதன் விதை இன்று யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். மௌனமே பதிலாகக் கிடைக்கும்.

2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட மக்கள் முற்றாக இடம்பெயர்ந்தனர். வீடும் கால்நடையும் போன கணக்கு எழுதப்பட்டது. சாம்பலில் புரட்டி அடுப்படியில் காத்த விதை போன கணக்கை எவர் எழுதினார்? மீளக் குடியமர்ந்தோருக்கு வந்தது பொதியில் அடைத்த விதை.

"கலப்பின விதை கூடுதலாக விளைகிறதே, பழையது எதற்கு?" என்று கேட்கிறார்கள். விளைச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால் கலப்பினப் பழத்தின் விதை அடுத்த போகத்தில் அதே குணத்தைத் தராது. கமக்காரர் மீண்டும் கடைவாசலில் நிற்க வேண்டும். அயல் தோட்டத்து மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்ப்பதால், எஞ்சிய ஊர் விதையும் கலந்துபோகும்.

பழைய விதையின் பெறுமதியை அந்நியர் அறிவர். 1925இல் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு மெலன் தோட்டங்களை இலையில் வெண்தூள் படியும் பூஞ்சண நோய் தாக்கியது. எதிர்ப்புச் சக்தி கிடைத்தது இந்தியாவிலிருந்து சென்ற விதையில். அதிலிருந்தே 1936இல் 'பி.எம்.ஆர். 45' என்ற இனம் வெளிவந்தது. வன்னி விதைக்குள் என்ன இருக்கிறது என்று நாம் தேடிப் பார்த்தோமா?

செய்யவேண்டியது மந்திரவித்தை அன்று. வவுனியா முதல் முல்லைத்தீவு வரை ஊர்தோறும் விதை திரட்ட வேண்டும். ஒரே நிலத்தில் ஒரே நாளில் விதைத்து, முளைதிறன், கொடியின் வளர்ச்சி, காய்க்கும் பூ மலரும் நாள், பழத்தின் எடை, இனிப்பு, வறட்சியையும் நோயையும் தாங்கும் திறன் ஆகியவற்றை அளக்க வேண்டும். மரபணுச் சோதனையால் எது எதற்கு நெருங்கிய உறவு என்று அறிந்து பெற்றோரைத் தெரிய வேண்டும். பூவை மூடிக் கையால் மகரந்தம் சேர்த்துத் தூய விதை எடுக்க வேண்டும். மெலனின் முழு மரபணுத் தொகுதி 2012இலேயே வெளியாகிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே இருக்கிறது. விதையைப் பேணக் கன்னொறுவையில் தாவர மரபுவள நிலையம் உண்டு.

இல்லாதது கேட்கும் குரலும் கொடுக்கும் கையும்தான். கோபுரத் திருப்பணிக்கு இலட்சக்கணக்கில் அனுப்பும் ஊர்ச்சங்கங்கள், இரண்டு போகங்களுக்கு ஓர் ஆய்வுத் திடலின் செலவை ஏற்கட்டும். பழைய விதையைக் காத்துவரும் முதியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்யட்டும்.