மெழுகு உதிர்ந்தால் தங்கத்துக்கா சேதாரம்?

கோவையின் நகைப் பட்டறைகள் பலவற்றில் இப்போது ஊதுகுழலுக்கு முன்பே மவுஸ் அசைகிறது. வாடிக்கையாளர் கேட்கும் மோதிரத்தை ரைனோ போன்ற மென்பொருளில் வரைகிறார்கள். கல் பதியும் குழியை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை திரையிலேயே திருத்தலாம். பிறகு மில்லிங் இயந்திரத்தின் மெல்லிய முனை, கெட்டி மெழுகைச் சீவிச் சீவி மோதிரமாக்குகிறது. அதைச் சுற்றி ஜிப்சக் குழம்பை ஊற்றி, இறுகியதும் சூளையில் வைத்து மெழுகை வெளியேற்றினால், மிஞ்சும் வெற்றிடத்தில் தங்கம் பாயும். சுவாமிமலை ஸ்தபதிகள் களிமண் அச்சில் ஐம்பொன் சிலை வார்ப்பதும் இதே தத்துவத்தில்தான்.

ஆக, சீவலாய் உதிர்வது மெழுகு.

22 காரட்டில் எத்தனை கிராம் வரும் என்பதையும் மென்பொருள் முன்கூட்டியே சொல்லிவிடும். அப்படியிருக்க, இத்தகைய நகைக்கும் ரசீதில் சதவீதக் கணக்கில் சேதாரம் எதற்கு? அராவும்போதும் மெருகேற்றும்போதும் கொஞ்சம் பொன் உதிர்வது உண்மைதான், அந்தத் தூளையும் கூட்டிச் சேர்த்து உருக்கிக்கொள்கிறார்கள் (பட்டறைக் குப்பையே விலைக்குப் போகும் தொழில் இது!). வடிவமைப்பவருக்கும் கல் பதிப்பவருக்கும் உரியதைச் செய்கூலி என்றே எழுதி வாங்கட்டும். முன்பணம் கட்டுமுன் திரையில் தெரியும் எடையை வாடிக்கையாளரும் எழுத்தில் கேட்கலாம்.