சுருட்டின் சுவைக்குத் தமிழ் இல்லையா?

கள்ளக்குறிச்சியில் அண்மையில் நாம் கூடிய மாலையொன்றில், வெளிநாட்டிலிருந்து வந்த புதுக் கலவைச் சுருட்டொன்று கைமாறியது. கருத்துகள் பொழிந்தன: கோக்கோ, பதனிட்ட தோல், ஓக் மரம். (ஓக் மரத்தை நம்மில் எவரும் முகர்ந்ததில்லை.) தேநீர் கொணர்ந்த முதியவர் மட்டும், "இலை இன்னும் பதமாகல, கமறுது" என்றார். நாம் சிரித்தோம்.

வெட்கப்பட வேண்டிய சிரிப்பு அது. ஆங்கிலத்தின் 'செரூட்' நம் 'சுருட்டு'தான். பழனி முருகனிடம் புகையிலையையே தூதனுப்பிப் பாடினார் சீனிச்சர்க்கரைப் புலவர். அந்நூலை 1939இல் பதிப்பிக்க உ.வே.சா. கூசவில்லை. உறையூர்ச் சுருட்டைச் சர்ச்சில் விரும்பினார் என்று பெருமை பேசும் நாமோ, கருப்பசாமிக்குச் சுருட்டுப் படைப்பவரைக் கண்டால் முகஞ்சுளிக்கிறோம். காரம், காட்டம், நெடி, கமறல் எனச் சுருட்டுக் குடித்த நம் பாட்டிமார் பிரித்தறிந்தவற்றைச் சுவையறிவென்று ஏற்றோமா? கல்வராயன் மலைக் கடுக்காயின் துவர்ப்பை அறிந்த நாவுக்கு, அன்று அது நினைவுக்கே வரவில்லை.

"அவை கொச்சை, கலைச்சொல் ஆகா" என்றார் நண்பரொருவர், தமிழ் முதுகலை பயின்றவர். கொச்சை என்பது சொல்லின் குணமா, சொன்னவரின் சாதியும் ஊருமா?

புகையிலை புற்றுநோய் தரும். எவரையும் புகைக்கச் சொல்ல நாம் வரவில்லை. புகைத்தே தீருவேன், சுவைக்குறிப்பும் எழுதுவேன் என்போர் முதலில் அம்முதியவரிடம் கேட்கட்டும். அவர் கடை பேருந்து நிலையத்தருகேதான் இருக்கிறது.