வெறும் முதுகுவலிதானா பாஸ்?

"ஜிம்ல புடிச்சுக்கிச்சுடா"ன்னு மூணு மாசமா தைலம் தேய்ச்ச ரூம்மேட்டுக்கு, ஒருநாள் ஹாஸ்டல் படியேறும்போது கால் நடுங்கிடுச்சு. ஸ்கேன்ல பார்த்தா, முதுகெலும்புல டி.பி.! அது நுரையீரலுக்கு மட்டும்தான் வரும்னு நினைச்சிருந்தேன்.

சிவில்காரன் பாஷையில சொன்னா, தூண் அரிச்சு நொறுங்கி, பின்னாடி ஓடற நரம்புத்தண்டை நசுக்குது. ஆபரேஷன்ல சீழை எடுத்து, நரம்பை விடுவிச்சு, ஸ்க்ரூ, ராடு போட்டு நிமிர்த்தினாங்க.

குழந்தைகளுக்கு வந்தா, நோய் குணமான பிறகும் கூன் வளரலாம். யாருக்கு வளரும்னு எக்ஸ்ரேயில தெரியற நாலு அறிகுறிகளை வச்சே கணிக்கலாம்னு 2001-ல ஆய்வுக் கட்டுரை எழுதினவர், நம்ம கோவை கங்கா மருத்துவமனை டாக்டர் எஸ்.ராஜசேகரன். 15 வருஷக் கவனிப்பு அது!

நண்பன் இப்ப நடக்கிறான். ஓடத்தான் இன்னும் முடியல. மாத்திரையும் மாசக்கணக்கில் தொடருது. விடாத முதுகுவலி, சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு இருந்தா, தைலத்தை ஓரங்கட்டிட்டு டாக்டர்கிட்ட கிளம்புங்க!