படம் பேசுகின்றது, பிள்ளையைக் கேட்பது யார்?

சென்ற ஜூன் மாதம் மதுரைக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு நாம் போக நேர்ந்தது. பிரசங்கத்துக்காக அல்ல. நமது தோழர் ஒருவர் தம் பெண் குழந்தையைச் சேர்க்கப் போனபோது துணைக்குப் போனோம். அங்கே தலைமை உபாத்தியாயர் அறைச் சுவரில் சர்க்கார் கொடுத்த பெரிய திரைப்பலகை ஒன்று மாட்டியிருந்தது. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். மேலே காய்ந்து சருகாகிப் போன மாலை. தூசி படாமல் இருக்க ஒரு பழைய வேட்டி. "இது என்ன ஐயா கோலம்?" என்று கேட்டோம். "போன வருஷ ஆயுத பூஜைக்குப் போட்டதுங்க. தொட்டுக் கெட்டுப்போச்சுன்னா யார் பதில் சொல்றது? பத்திரமா வெச்சிருக்கோம்" என்றார். நல்ல மனிதர்தான், ஒளிக்காமல் சொன்னார். பக்கத்து அறையில் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்து வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தன.

கல்லைக் கும்பிட்ட ஜனங்கள் கண்ணாடியையும் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள் என்று சிரித்துவிட்டு வரலாம். ஆனால் விஷயம் சிரிப்போடு தீரக் கூடியதல்ல.

1953ல் இந்த மாகாணத்தில் பிள்ளைகள் பாதி நேரம் படித்தால் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்ததும், எதிர்ப்பு மூண்டு 1954ல் அது கைவிடப்பட்டதும் வாசகர்கள் அறிந்ததே. அப்படிப்பட்ட நாட்டில் இன்று 2018 முதல் வந்த புதுப் பாடப் புத்தகங்களில் செல்போனைக் காட்டினால் படம் ஓடும் கட்டம் அச்சாகியிருக்கின்றது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023 ஜூலையில் "மணற்கேணி" என்ற செயலி வந்தது; பாடங்களைச் சிறு சிறு படத் துண்டுகளாக்கி, கூடவே கேள்விகளும் வைத்திருக்கின்றார்கள். 22 ஆயிரத்துக்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குத் திரை வைத்த வகுப்பறை என்று சர்க்கார் திட்டம் போட்டார்கள். பணம் படைத்தவன் பிள்ளைக்கு மட்டும் கிடைத்து வந்த சாமான் கூலிக்காரன் பிள்ளைக்கும் வருகின்றதென்றால் நாம் அதை வரவேற்கவே செய்வோம்.

ஆனால் படப்பாடத்தில் இரண்டு ஜாதி உண்டு. (இந்த ஒரு இடத்தில் ஜாதி பார்ப்பதற்குத் தோழர்கள் நம்மை மன்னிக்க வேண்டும்.) ஒன்று, தானே பேசித் தானே முடித்துக்கொள்வது. அது காலட்சேபம். பாகவதர் இடத்தில் கண்ணாடி இருக்கின்றது, அவ்வளவுதான் வித்தியாசம். மற்றொன்று, நடுவில் நின்று பிள்ளையைக் கேட்பது. பதில் தப்பானால் அந்த இடத்தைத் திரும்பக் காட்டுவது. யாருக்கு எது விளங்கவில்லை என்பதை உபாத்தியாயருக்குத் தெரியச் செய்வது. நாம் வேண்டுவது இந்த இரண்டாவதையே.

உதாரணமாக, கிரகணத்தை எடுத்துக்கொள்வோம். 2019 டிசம்பர் 26ந் தேதி திண்டுக்கல் பக்கத்தில் சூரியன் வளையம்போலத் தெரிந்தது. அன்றைக்குக் கோயில் நடைகளைச் சாத்தினார்கள். கர்ப்பிணிப் பெண்களை வீட்டுக்குள் வைத்தார்கள். சோற்றுப் பானையில் தர்ப்பையைப் போட்டார்கள். "சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் சந்திரன் வருவதால் கிரகணம் உண்டாகின்றது" என்று பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்ட பிள்ளை பரீட்சையில் அதை எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து பாட்டியுடன் சேர்ந்து ராகு விடுதலைக்காகக் காத்திருக்கும். இரண்டு சங்கதியும் ஒரே மண்டையில் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. ஏனெனில் இரண்டுமே காதால் கேட்டு நம்பினவை. அதே பாடத்தில் சந்திரன் நகர்ந்து வரும் படத்தைப் பாதியில் நிறுத்தி, "இப்போது நிழல் எங்கே விழும்?" என்று கேட்டால் பிள்ளை யோசித்தாக வேண்டும். தப்பாகச் சொன்னாலும் மோசமில்லை. தான் சொன்னதற்கும் கண்ணால் கண்டதற்கும் வித்தியாசம் ஏன் வந்தது என்று அதற்கு ஒரு உறுத்தல் உண்டாகின்றதே, நமது இயக்கம் இத்தனை காலமாக மேடை மேடையாகக் கத்தி உண்டாக்கப் பார்ப்பது அந்த உறுத்தலைத்தான்.

வகுப்பறையின் பெரிய வியாதி எது என்று கேட்டால், "புரிஞ்சுதா?" என்று உபாத்தியாயர் கேட்பதும், "புரிஞ்சுது சார்!" என்று நாற்பது வாய் ஒன்றாகக் கூவுவதும்தான் என்போம். நாம் படித்த படிப்பு ஐந்து வகுப்பு. மிச்சமெல்லாம் வாசகசாலையில் பொறுக்கிக்கொண்டது. அந்த ஐந்து வருஷத்தில் கடைசி வரிசையில் இருந்த நம்மைத் தனியாக ஒரு கேள்வி கேட்டவர் கிடையாது. முன்வரிசையில் கணக்கப்பிள்ளை வீட்டுப் பையன். அவன் பதில் சொன்னால் வகுப்பே பதில் சொன்னதாக அர்த்தம். நீளமான வகுத்தலில் பாக்கியை என்ன செய்வது என்று நமக்கு விளங்கவே இல்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். நாமும் "புரிஞ்சுது சார்" என்று எல்லோருக்கும் மேலாகவே கத்தினோம். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதற்கு வீட்டு வறுமை பாதிக் காரணம் என்றால், இந்தக் கத்தல் பாதிக் காரணம்.

இந்த வியாதி நமது ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் பௌதிகம் போதித்த எரிக் மாசூர் என்பவர், தாம் நன்றாகப் பிரசங்கம் செய்தும் மாணவர்களுக்கு அடிப்படையே விளங்கவில்லை என்று கண்டுகொண்டு, 1991 முதல் பாடத்தை நடுவில் நிறுத்தி ஒவ்வொருவரையும் தனித்தனியே பதில் சொல்ல வைத்து, பிறகு பக்கத்தில் இருப்பவனோடு வாதாட விட்டு, மறுபடியும் பதில் கேட்டு வந்தார்.

நிற்க, யந்திரம் வந்தால் உபாத்தியாயர் வேண்டாம் என்று சிலர் கணக்குப் போடுகின்றார்கள். கம்பெனிக்காரர்களுக்கு அந்தக் கணக்கு இனிக்கும். பெரு தேசத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் கம்ப்யூட்டரைக் கொடுத்துப் பார்த்தார்கள். கணக்கிலோ வாசிப்பிலோ முன்னேற்றம் காணோம் என்று 2012ல் வெளியான ஆராய்ச்சி சொல்லுகின்றது. டில்லியில் 2015ல் வேறு விதமாகச் செய்தார்கள். ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் கணக்கில் சராசரி இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். அவர்கள் நிற்கும் இடத்தை யந்திரம் கேள்வி கேட்டுக் கண்டுபிடித்து, அங்கிருந்தே பாடத்தை ஆரம்பித்தது. பக்கத்தில் சொல்லிக் கொடுக்க ஆளும் இருந்தது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். (இந்தி என்றதும் வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம், அந்தப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் பாஷை அது.) ஆகவே சாமானில் சக்தி இல்லை, கேட்பதில்தான் இருக்கின்றது.

"எங்கள் பள்ளியில் திரை ஒன்று, பிள்ளை நாற்பது, எப்படிக் கேட்பது?" என்று உபாத்தியாயத் தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. திரை கேட்கும், முன்வரிசைப் பையன் கூவுவான், படம் மேலே ஓடும், பழைய கதைதான். அதற்கு நாற்பது செல்போன் வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு சிலேட்டு போதும். படம் கேள்வி கேட்டு நின்றவுடன் எல்லோரும் வாய் திறக்காமல் விடையை எழுதி ஒரே சமயத்தில் தூக்கிக் காட்டட்டும். பதினைந்து பேர் தப்பென்றால் உபாத்தியாயருக்கு அந்த நிமிஷமே தெரிந்துபோகும். பரீட்சை வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வகுப்பை ஒருவர் கட்டி மேய்க்கும் இடங்களில், ஒரு வகுப்பு படம் பார்க்க, மற்ற வகுப்பின் சிலேட்டுகளை அவர் போய்ப் பார்க்கலாம். கரண்டு போகும் நாளில் அதே கேள்வியைக் கரும்பலகையில் எழுதினால் வேண்டாமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. 2009ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டப்படி சர்க்கார் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். காப்பி குடித்துக் கையெழுத்துப் போட்டு வருவதற்காக அந்தச் சட்டம் எழுதப்படவில்லை. திரை எந்த எந்தக் கிழமை திறக்கப்பட்டது, எந்தப் பாடம் ஓடியது, கடைசி வரிசைப் பிள்ளை என்ன பதில் எழுதிற்று என்று கேட்டு வாங்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. பழுதானால் உபாத்தியாயர் கைக்காசைக் கொடுக்க வேண்டியதில்லை என்று இலாகா எழுத்து மூலம் சொல்லும்படியும் அங்கேயே தீர்மானம் போடுங்கள். அந்தப் பயம் போகாதவரை வேட்டி விலகாது.

மேலே சொன்ன பள்ளிக்கூடத்தின் அடுத்த குழுக் கூட்டத்துக்கு நமது தோழர் தம் மனைவியையும் அழைத்துக்கொண்டு போகின்றார். உசிலம்பட்டியில் நாற்பது சிலேட்டு வாங்குவதற்கு வாசகசாலையில் வசூல் ஆரம்பித்திருக்கின்றோம். இதுவரை இருபத்தாறுக்குப் பணம் சேர்ந்திருக்கின்றது.