சுற்றுநிருபம் வகுப்பறையைச் சென்றடைய வேண்டும்

பாடசாலைக் கல்வியில் மாற்றங்கள் தவிர்க்க முடியாதவை. காலம் மாறும்போது பாடத்திட்டமும் பரீட்சை முறையும் மாறியே ஆகவேண்டும். ஆயினும், கொழும்பில் எடுக்கப்படும் தீர்மானமொன்று மன்னாரிலோ மூதூரிலோ மஸ்கெலியாவிலோ கற்பிக்கும் இடைநிலை வகுப்பு ஆசிரியரை எப்போது, எந்த மொழியில், எவ்வளவு தெளிவாகச் சென்றடைகின்றது என்பதே அம்மாற்றத்தின் பயனைத் தீர்மானிக்கின்றது. இவ்வுண்மை எமது நாட்டில் போதிய கவனத்தைப் பெறாதிருப்பது கவலைக்குரியதாகும்.

தரம் 1 இற்கும் தரம் 6 இற்கும் புதிய கல்விச் சீர்திருத்தம் 2026 இல் ஆரம்பமாகும் என அறிவிக்கப்பட்டிருந்தது. தரம் 6 ஆங்கிலக் கற்றல் தொகுதியில் பொருத்தமற்ற இணையத்தள முகவரியொன்று இடம்பெற்றிருந்தமை பெரும் சர்ச்சையைத் தோற்றுவித்தது. அதனைத் தொடர்ந்து, தரம் 6 இற்கான சீர்திருத்தம் 2027 ஆம் ஆண்டுக்கு ஒத்திவைக்கப்படுவதாக 2026 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது. புதிய கல்வியாண்டு தொடங்கும் வேளையில் வெளியான இவ்வறிவிப்பினால் புதிய முறைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த ஆசிரியர்கள் பழைய முறைக்குத் திரும்ப நேர்ந்தது. அரசியல் மேடைகளில் யார் பொறுப்பு என்ற வாதம் ஓங்கி ஒலித்ததேயன்றி, ஆசிரியர் எதனைக் கற்பிப்பது, எவ்வாறு கணிப்பிடுவது என்ற கேள்விக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

இத்தகைய தடுமாற்றம் எமக்குப் புதியதன்று. 1994 இல் ஆரம்பிக்கப்பட்ட தொடர் கணிப்பீட்டு முறை ஆசிரியர் சங்கங்களின் எதிர்ப்பினால் நீடிக்கவில்லை. பின்னர் 1997 ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களின் கீழ் அது பாடசாலை மட்டக் கணிப்பீடு என்ற பெயரில் மீண்டும் வந்தது. 2011 ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் பழைய, புதிய பாடத்திட்டங்களில் மாணவர்கள் ஒரே வேளையில் தோற்றினர். அவ்விரு தொகுதியினரையும் எவ்வாறு ஒப்பிடுவது என்ற பிரச்சினை பரீட்சை முடிந்த பின்னரே வெடித்தது. இசட் புள்ளி கணிக்கப்பட்ட முறை சவாலுக்குட்படுத்தப்பட்டு, 2012 இல் உயர் நீதிமன்றம் அதனை இரத்துச் செய்யும் நிலை உருவாயிற்று. முன்கூட்டியே தீர்மானித்து அறிவிக்க வேண்டிய விடயத்தைப் பின்தள்ளியதன் விலையை மாணவர்களே செலுத்தினர்.

கணிப்பீட்டு மாற்றம் ஏனைய நிர்வாக அறிவித்தல்களைப் போன்றதன்று. ஒப்படைகள், செயற்றிட்டங்கள், குழுவேலைகள் ஆகியவற்றுக்கு ஆண்டு முழுவதும் புள்ளியிட வேண்டுமாயின், ஆசிரியர் முதலாந் தவணையின் முதல் வாரத்திலேயே அதனை அறிந்திருத்தல் வேண்டும். மூன்றாந் தவணையில் அறிந்துகொள்பவர் என்ன செய்ய முடியும்? நடைபெறாத செயற்பாட்டுக்கு நடைபெற்றது போன்று புள்ளியிட்டுப் படிவத்தை நிரப்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியிராது. காலங்கடந்து வரும் சுற்றுநிருபம் இவ்வாறு நேர்மையான ஆசிரியரையும் பொய்ப் புள்ளி எழுதத் தூண்டுகின்றது. ஆண்டிறுதிப் பரீட்சையில் மாத்திரம் தங்கியிராது தொடர்ச்சியாகக் கணிப்பிடுவதைப் புதிய சீர்திருத்தம் வலியுறுத்துகின்ற இவ்வேளையில், இவ்வபாயம் முன்னரிலும் பன்மடங்கு அதிகமாகும்.

அறிவித்தல்கள் செல்லும் பாதையும் நீண்டது. கல்வி அமைச்சு, மாகாணக் கல்வித் திணைக்களம், வலயக் கல்வி அலுவலகம், கோட்டக் கல்வி அலுவலகம், அதிபர் எனப் பல படிகளைத் தாண்டியே மாகாணப் பாடசாலை ஆசிரியரை அவை வந்தடைகின்றன. தேசிய பாடசாலைகளோ அமைச்சின் நேரடி நிர்வாகத்தில் உள்ளன. நகரத்துப் பெரிய பாடசாலை விரைவாக அறிந்துகொள்ளும் ஒன்றை, ஒரே பரீட்சைக்கு மாணவரை ஆயத்தப்படுத்தும் பின்தங்கிய பிரதேசப் பாடசாலை தாமதித்தே அறிவதெனில், அங்கு சமவாய்ப்பு என்ற சொல்லுக்குப் பொருளில்லை. தனியார் வகுப்பில் கேட்டறிந்த மாணவன் தனது பாடசாலை ஆசிரியருக்கு வினாத்தாள் மாற்றத்தை எடுத்துச் சொல்லும் நிலை எவருக்கும் பெருமை சேர்ப்பதன்று.

மொழிப் பிரச்சினை இதற்கு மேலதிகமானது. 1987 இல் நிறைவேற்றப்பட்ட 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்டது. எனினும், சுற்றுநிருபங்கள் முதலில் சிங்களத்தில் வெளியாகித் தமிழ் வடிவம் பின்னர் வருகின்றது என்பது தமிழ்மொழி மூலப் பாடசாலைகளின் நீண்டகால முறைப்பாடாகும். அவ்விடைவெளியில் வட்ஸ்அப் குழுக்களில் உலவும் அரைகுறை மொழிபெயர்ப்புகளும் வதந்திகளுமே வழிகாட்டிகளாகி விடுகின்றன. தமிழ் ஆசிரியருக்கும் முஸ்லிம் ஆசிரியருக்கும் பொதுவான இக்குறைபாட்டை இரு சமூகத்தினரும் ஒரே குரலில் எடுத்துரைக்க வேண்டும்.

செயற்பாட்டு நாட்காட்டியும் இத்தகைய கவனத்தை வேண்டி நிற்கின்றது. றமழான் நோன்பையொட்டி முஸ்லிம் பாடசாலைகளின் தவணைக் காலங்கள் வேறுபடுகின்றன. ஏனைய பாடசாலைகளின் தவணையை மாத்திரம் கருத்திற்கொண்டு ஒப்படைகளுக்கும் பயிற்சிப் பட்டறைகளுக்கும் திகதி குறிக்கும்போது முஸ்லிம் பாடசாலைகள் பாதிக்கப்படுகின்றன. தமிழ்மொழித் தினப் போட்டிகள், விளையாட்டுப் போட்டிகள், ஆசிரியர் பயிற்சிகள் ஆகியன சில தினங்களுக்கு முன்னர் அறிவிக்கப்படின் பாடவேளைகளே பலியாகின்றன.

எனவே, சம்பந்தப்பட்ட தரப்பினரின் கவனத்துக்குச் சில விடயங்களை முன்வைக்க விரும்புகின்றோம். கணிப்பீடு தொடர்பான எந்தச் சுற்றுநிருபமும் மும்மொழிகளிலும் ஒரே தினத்தில் வெளியிடப்பட வேண்டும்; தமிழ் வடிவம் ஆயத்தமாகும் வரை ஏனைய வடிவங்களும் காத்திருக்கட்டும். கல்வியாண்டு தொடங்கிய பின்னர் அவ்வாண்டுக்குரிய கணிப்பீட்டு முறை மாற்றப்படலாகாது. பரீட்சைத் திணைக்களமும் தேசிய கல்வி நிறுவகமும் புதிய அமைப்பிலான மாதிரி வினாத்தாள்களையும் ஆசிரியர் வழிகாட்டிகளையும் மாற்றம் நடைமுறைக்கு வருமுன்னரே கையளிக்க வேண்டும். ஆசிரியரின் ஐயங்களுக்குத் தமிழில் விளக்கமளிக்கும் பொறுப்பு ஒவ்வொரு வலயத்திலும் குறித்த ஆசிரிய ஆலோசகர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படுதல் நன்று.

பாடசாலைகளுக்கும் இதில் பங்குண்டு. அலுவலகக் கோவையில் உறங்கும் சுற்றுநிருபத்தால் எவருக்கும் பயனில்லை. அதிபர் அதனைப் பிரதிசெய்து ஆசிரியர் ஓய்வறையில் காட்சிப்படுத்துவதும், தவணை ஆரம்பத்தில் ஆசிரியர் கூட்டத்தில் வாசித்துக் கலந்துரையாடுவதும் செலவற்ற காரியங்களே. ஆசிரியர்களும் கையொப்பமிடுவதற்காக மாத்திரமன்றி, உள்ளடக்கத்தை அறிவதற்காகவும் அதனை வாசிக்க வேண்டும்.

தரம் 6 சீர்திருத்தம் ஒத்திவைக்கப்பட்டமையைத் தோல்வியாகவோ வெற்றியாகவோ பார்ப்பதில் பயனில்லை. கிடைத்த அவகாசத்தில் பாடநூல்களிலுள்ள பிழைகளைத் திருத்தினால் மாத்திரம் போதாது. அறிவித்தல் சென்றடையும் பாதையையும் சீர்செய்தல் வேண்டும். ஆசிரியருக்கு உரிய காலத்தில் தெரிவிக்கப்படாத மாற்றத்துக்கு மாணவனைப் பொறுப்பாளியாக்குவது எந்த வகையிலும் நீதியாகாது.