ஓட்டல் தோசை வீட்டிலும் வரும்

ஓட்டல் தோசையின் பொன்னிறத்துக்கும் மொறுமொறுப்புக்கும் மாவும் கல்லுமே காரணம். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, சிறிது வெந்தயம், ஒரு கைப்பிடி கடலைப்பருப்பு, கொஞ்சம் அவல் சேர்த்து ஊறவைத்து அரைத்து, இரவு முழுவதும் புளிக்கவிட வேண்டும். மாவிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் வினைபுரிந்து நிறமும் மணமும் தருகின்றன. கனமான இரும்புக் கல் சூட்டைத் தேக்கி வைக்கும். ஒவ்வொரு தோசைக்கு முன்னும் தண்ணீர் தெளித்துத் துடைத்தால் கல்லின் மேற்சூடு தணிந்து, மாவு கரண்டியோடு வராமல் மெல்லிதாகப் பரவும். பிறகு தீயைக் கூட்டி, நெய் விட்டு, திருப்பாமல் ஒரே பக்கம் சிவக்கவிட வேண்டும். ஈரம் விரைந்து ஆவியாவதால் தோசை மொறுமொறுப்பாகிறது. இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நன்கு பழக்கிய இரும்புக் கல்லும் பொறுமையும் போதும்.