கியர் விழவில்லை என்றால் யார் மேல் குற்றம்?

கியர் பெட்டியைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு பழைய வாசகம் உண்டு: "ஸெ ப்ரூத்தால், மே ஸா மார்ஷ்." முரட்டுத்தனம்தான், ஆனாலும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். 1890-களில் பல்சக்கரங்களை நகர்த்தி ஒன்றோடொன்று மாட்டுகிற கியர் பெட்டியைத் தன் கார்களில் பொருத்திய எமில் லெவாசோர், அதைப் பற்றித் தானே இப்படிச் சொன்னதாக வழங்குகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் போன்றவர்களுக்கு இந்த வாசகம் பல இடங்களில் கைகொடுத்திருக்கிறது. அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் எத்தனையோ ஃபைல்கள் இப்படித்தான் மேஜை விட்டு மேஜை நகர்ந்தன.

லெவாசோர் காலம் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம்மில் பலர் மட்டும் இன்னும் கியரை முரட்டுத்தனமாகவே போடுகிறோம். விழவில்லை என்றால் பலமாகத் தள்ளுகிறோம். அதற்கும் விழவில்லை என்றால் இரண்டே தீர்ப்பு: ஒன்று, பெட்டியை மாற்று, இல்லை, ஓட்டுகிறவரை மாற்று. இரண்டுமே மனுவைப் படிக்காமல் தள்ளுபடி செய்கிற வேலை என்பது என் கருத்து.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பாடியில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று இருக்கிறது. இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்பதா என்று இளைஞர்கள் சிரிக்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

ஹெரால்டு இங்கிலாந்தில் டிரையம்ஃப் என்ற பெயரில் 1959-ல் வந்தது. 1961 முதல் நம் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதை 948 சிசி எஞ்சினோடு தயாரித்தது. 1962-ல் வெளியான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் பாகங்களை வைத்தே உருவானது. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் மிக்கெலாட்டி என்ற ஒரே இத்தாலியர். அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருந்தபோது, ஹெரால்டில் அது தரையிலிருந்து கைக்கு அடக்கமாக எழுந்து நின்றது. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில் ஹெரால்டுகளும் அங்கே சீறின. செங்குன்றம் பஸ்ஸைப் பிடித்துப் போய் வெயிலில் நின்று பார்த்தவர்கள் இதை வாசிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள்.

போன வருஷம் அண்ணனின் ஹெரால்டில் கியர் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. சிக்னலில் நின்று முதல் கியர் போட்டால் கர்ர் என்று சத்தம். ரிவர்ஸுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. வீட்டில் கூட்டம் போட்டார்கள். மகன் சொன்னார், "அப்பாவுக்குக் கையில பலம் போச்சு, வண்டியக் குடுத்துடலாம்." பேரன் சொன்னான், "வேணாம் தாத்தா, பெட்டியத் தூக்கிட்டு அஞ்சு கியர் பெட்டி வெச்சிடலாம்." இருவருமே பாசத்தில்தான் சொன்னார்கள். ஆனால் அண்ணன் அதற்கப்புறம் சாவியைத் தொடவே இல்லை. தனக்கு வயதாகிவிட்டது என்று அவரே நம்பிவிட்டார். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

கியர் போடும்போது உள்ளே என்ன நடக்கிறது? எஞ்சின் பக்கம் ஒரு வேகத்தில் சுற்றுகிறது, சக்கரத்தின் பக்கம் வேறொரு வேகத்தில் சுற்றுகிறது. இரண்டு வேகமும் ஒன்றானால்தான் பற்கள் சத்தமில்லாமல் கோத்துக்கொள்ளும். ஆரம்ப காலத்தில் இதைச் சரிக்கட்டுவது ஓட்டுபவரின் வேலை. 1928-ல் அமெரிக்காவின் காடிலாக் கம்பெனி சிங்க்ரோமெஷ் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பற்கள் சேர்வதற்கு முன்னால் கூம்பு வடிவப் பித்தளை வளையம் ஒன்று உரசி, இரண்டு பக்கத்தின் வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். அதற்குக் கண் இமைக்கிற நேரம் வேண்டும். கையில் தெரிகிற அந்தச் சின்ன எதிர்ப்பு, வளையம் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அப்போது பலமாக அழுத்தினால் வளையம் தேயும், உள்ளே கியரை நகர்த்தும் கவை வளையும். ஹெரால்டில் முதல் கியருக்கு இந்த வளையமே கிடையாது. ஸ்பிட்ஃபயரிலும் 1970 வரை அப்படித்தான்.

ஆகவே கியர் இறுகினால், எங்கே, எப்போது, எந்தக் கியரில் என்று கேட்க வேண்டும். நாலே கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: சமதரையில், எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்துப் போட்டால் கியர் விழுகிறதா? பல்லுக்குப் பல் நேராக நின்று ஒரு கியர் தடுக்கலாம். வண்டியை விரற்கடை தூரம் தள்ளிவிட்டுப் பாருங்கள். அணைந்திருக்கும்போது எல்லாம் சுலபமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் இறுகினால், பெரும்பாலும் பெட்டியில் குற்றமில்லை. கிளட்ச் முழுசாக விடவில்லை. கேபிள் தளர்ந்திருக்கும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் என்றால் காற்று புகுந்திருக்கும், அல்லது சிலிண்டரின் ரப்பர் சீல் கசியும்.

இரண்டாவது: எஞ்சின் அணைந்தும் எல்லாக் கியரும் இறுக்கமா? அப்படியானால் லீவருக்கும் பெட்டிக்கும் நடுவில் தேடுங்கள். கிரீஸ் காய்ந்திருக்கும், புஷ் கெட்டிருக்கும், தண்டு வளைந்திருக்கும். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஸ்போர்ட்ஸ் கார்களில் லீவர் கையருகே, பெட்டி பின்னால். நடுவில் ஓடும் நீளமான தண்டோ கேபிளோ இறுகினால் பெட்டிதான் பழி சுமக்கும்.

மூன்றாவது: காலையில் மட்டும் இறுகி, நாலைந்து கிலோமீட்டர் ஓடியபின் சரியாகிறதா? எண்ணெயைப் பாருங்கள். பழைய ஃபெராரி வைத்திருப்பவர்கள் காலையில் இரண்டாம் கியரைத் தொடாமல் ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குப் போவார்கள். பெட்டி சூடேறும் வரை பொறுத்துக்கொள்வார்கள். அத்தனை விலை கொடுத்தவர்களே பொறுக்கும்போது நமக்கென்ன? கடையில் "90 நம்பர் ஆயில்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். பித்தளை வளையம் உள்ள பழைய பெட்டிகளுக்கு ஜி.எல்-4 வகைதான் பொருத்தம். பின் ஆக்சிலுக்கு ஊற்றும் ஜி.எல்-5 வகையில் இருக்கும் சேர்மானங்கள் பித்தளைக்கு ஆகாது. வழுவழுப்பும் அதிகம் என்பதால் வளையம் பிடிக்காது.

நாலாவது: ஒரே ஒரு கியர் மட்டும்தான் தகராறா? அப்படியானால் அந்தக் கியரின் வளையம் தேய்ந்திருக்கலாம். அப்போதுதான் பெட்டியைப் பிரிக்கிற பேச்சே வரவேண்டும்.

அண்ணன் வீட்டு விஷயத்தில் முதல் கேள்வியே பதிலைச் சொல்லிவிட்டது. எஞ்சினை அணைத்ததும் நாலு கியரும் ரிவர்ஸும் வெண்ணெயாக விழுந்தன. கிளட்சின் கீழ் சிலிண்டரில் சீல் கசிந்து, மிதி கீழே போயும் கிளட்ச் பாதிதான் விட்டுக்கொண்டிருந்தது. புதுப்பேட்டையில் சொல்லிவைத்து வாங்கிய ரப்பர் கிட், ஒரு பாட்டில் பிரேக் எண்ணெய், மெக்கானிக்கின் அரைநாள் கூலி. அவ்வளவுதான் செலவு. இதில் இன்னொன்றையும் யோசித்தேன். லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா என்று 1960-களிலிருந்து நாட்டுக்கே வண்டிப் பாகம் செய்து கொடுத்த ஊர் நம் பாடி. அந்த ஊரில், வாழ்நாளெல்லாம் மைக்ரோமீட்டர் பிடித்த மனிதரிடம் யாரும், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்கவில்லை.

கருவி சரியாக இருந்தாலும் கைக்குப் பக்குவம் வேண்டும். பழைய லேலண்ட் லாரி டிரைவர்கள் கியரைக் குறைக்கும்போது கிளட்சை இரண்டு முறை மிதிப்பார்கள். முதல் மிதியில் நியூட்ரல். காலை எடுத்து ஆக்சிலேட்டரில் ஒரு தட்டு. மறு மிதியில் கீழ்க் கியர். வளையம் செய்கிற வேலையை அவர்கள் கால் செய்தது. பிரெஞ்சில் நியூட்ரலுக்கு "புவேன் மோர்" என்று பெயர், செத்த புள்ளி. எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. லீவர் அங்கே ஒரு நொடி நின்று போவதில்தான் பெட்டியின் ஆயுளே இருக்கிறது. நம் அவசரத்தில் அந்த ஒரு நொடியைத்தான் முதலில் வெட்டிவிடுகிறோம்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். பாடி மேம்பாலத்தில் சாயங்கால நெரிசலில் அரைமணிக்கு நாற்பது தடவை கிளட்ச் மிதிக்கச் சொல்கிறீரா, ஆட்டோமேடிக் இருக்கும்போது இது என்ன வறட்டுப் பிடிவாதம் என்பீர்கள். ஆட்டோமேடிக்குக்கு நான் விரோதி இல்லை. என் இடது முழங்கால் என்னைவிடத் தீவிரமாக அதை ஆதரிக்கிறது. முழங்கால் மடங்கவில்லை, திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை, ராத்திரி எதிர் விளக்கு கண்ணைக் கூசுகிறது என்றால், கிளட்ச் இல்லாத வண்டிக்கு மாறுவதிலோ, ஓட்டுவதையே நிறுத்துவதிலோ வெட்கம் எதுவும் இல்லை. ரோட்டில் நம்மைத் தவிர மற்றவர்களும் போகிறார்கள்.

நான் கேட்பது வரிசை மட்டும்தான். நாற்பது வயது தாண்டியவர் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்திட்ட 1-ஏ படிவம் வேண்டும். ஐம்பத்தைந்து தாண்டினால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மனிதனைச் சோதிக்க அரசாங்கமே படிவம் வைத்திருக்கிறது. அதே மரியாதையைக் காருக்கும் கொடுங்கள். கியர் இறுகுகிறது என்று சொன்னால், வீட்டில் இளையவர் ஒருவர் அதே காரை அதே ரோட்டில் ஓட்டிப் பார்க்கட்டும். அவருக்கும் இறுகினால் காரை மெக்கானிக்கிடம் அனுப்புங்கள். அவருக்குச் சுலபமாக விழுந்தால், அப்போது உட்கார்ந்து நம்மிடம் பேசுங்கள். நாமும் கோபப்படாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனைக்கு முன்னால் யாரும் யாரிடமிருந்தும் சாவியை வாங்க வேண்டாம்.